உதிர்ந்த பூக்கள் நான்கு

கோயம்புத்தூர்
10 ஜூன் 2024

மதிப்பிற்குரிய ஓவியர் திரு. அப்துல் மஜீத் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் திருமண மண்டபத்தின் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நேற்று நீங்கள் தொலைபேசியில் அழைத்தபோது, கடிதம் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் பேச்சை முடித்துக்கொண்டது உங்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கலாம். மண்டபம் தொடர்பான எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. அந்த விதியை முன்மொழிந்தவனே நான் என்பதால் அதை மீற எனக்கு இடமில்லை.

சென்ற ஆண்டு ஆவணியில் நீங்கள் வரைந்து தந்த மலர் ஓவியம், மணவறைக்கு நேர் எதிர்ச்சுவரில் மாட்டப்பட்டது. பித்தளைக் குடத்தில் கொன்றை, செவ்வந்தி, பூளைப்பூ, கோழிக்கொண்டை, செம்பருத்தி, சம்பங்கி, அரளி. குடத்தின் அடியில், கல்தரையில், உதிர்ந்து கிடக்கும் நான்கு பூக்கள்: அரளி இரண்டு, செம்பருத்தி ஒன்று, சம்பங்கி ஒன்று. மாட்டிய அன்று குழுவினர் அனைவரும் பாராட்டினர். அதுவும் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளது.

அதன்பின் நிகழ்ந்தவை வருமாறு. தை மாதத் திருமணமொன்றில் மாப்பிள்ளையின் தந்தை பந்தியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மாசியில் மணமான தம்பதியர் நூறு நாள் ஆவதற்குள் பிரிந்தனர். வைகாசியில் மணப்பெண்ணின் தாய்மாமன் சீர் முடித்துத் திரும்பும் வழியில் காரிலேயே மாரடைப்பால் இறந்தார். முதலாமவர் வழுக்கியது ரசம் சிந்திய இடத்தில். பிரிந்தவர்களுக்கு அவர்களுடைய காரணங்கள் இருந்தன. மாமனுக்கு ஏற்கெனவே இருமுறை நெஞ்சுவலி வந்திருந்தது. இவற்றையெல்லாம் குழுவில் எடுத்துச் சொன்னேன். ஆனால் மண்டபம் பார்க்க வருகிறவர்கள் மணவறையில் நின்று எதிரே பார்க்கிறார்கள். பிறகு வேறு மண்டபம் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

தலைவர் திரு. லட்சுமணசாமி சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்: "பூ கீழ விழுந்து கெடக்கறதே ஆகாதுங்க. அதுலயும் நாலு. நாலு பேரு தூக்கீட்டுப் போறாப்பல இருக்குதில்லீங்க."

ஆகவே அந்த நான்கு பூக்களையும் நீக்குவதென்று குழு முடிவு செய்துள்ளது. ஒப்பந்தப்படி ஐந்தாண்டு வரை ஓவியத்தில் உங்களைத் தவிர வேறு எவரும் கைவைக்கலாகாது. எனவே உங்களுக்கு வசதியான நாளைத் தெரிவிக்க வேண்டுகிறேன். செயலாளருக்குக் குழுவில் வாக்கு இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிருபாசங்கர்
செயலாளர்

*

ஈரோடு
16 ஜூன் 2024

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். முதல்முறை கோபத்தோடு. இரண்டாம்முறை, ரசம் சிந்திய இடம் வந்ததும் சிரித்துவிட்டேன். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து என்னவென்று கேட்டாள். ஒரு படத்தின்மேல் மூன்று கேஸ் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

நான்கு என்பதை நான் எண்ணி வைக்கவில்லை. எங்களிலும் இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்குக்கு நான்கு தோள்தான் கொடுக்கிறோம். ஆகவே தலைவர் சொல்வது எனக்கு விளங்காத சங்கதி அல்ல. ஆனால் தூரிகை கையில் இருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. குடத்தின் இடப்பக்கம் கனத்துப் போயிருந்தது. வலப்பக்கம் கீழே ஒரு சிவப்பு தேவைப்பட்டது. அதனால் செம்பருத்தி விழுந்தது. மற்றவை அதற்குத் துணையாக விழுந்தன.

எண்ணிக்கைதான் குற்றமென்றால் ஐந்தாவதாக ஒன்று வரைந்து தருகிறேன். ஒரு காலைப்பொழுது போதும். பேருந்தில் வந்து போய்விடுவேன்.

நீக்க மாட்டேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தொரு ஆண்டு ஓவிய ஆசிரியராக இருந்தவன். பள்ளிச் சுவர்களில் நான் வரைந்ததையெல்லாம் மே மாதம்தோறும் வெள்ளையடித்தார்கள். அது பள்ளிக்கூடம், அடிக்கத்தான் செய்வார்கள். இந்த ஒரு படம்தான் மூலையில் என் பெயரோடு நாலு பேர் வந்துபோகும் இடத்தில் இருக்கிறது. (இந்த நாலு பேர் வேறு, தலைவரிடம் சொல்லுங்கள்.) அந்தப் பூக்களை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது என் படமாக இராது. அப்போது என் பெயரையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

அப்துல் மஜீத்

*

கோயம்புத்தூர்
24 ஜூன் 2024

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் யோசனை குழுவின் முன் வைக்கப்பட்டது, ஏற்கப்படவில்லை. உறுப்பினர் திரு. சரவணன், "அஞ்சாவதா ஒண்ணு விழுகோணும்னு நாமளே கூப்புட்டு வெக்கறதுங்களா?" என்றார். தலைவர் உங்களை 'பாய்' என்று குறிப்பிட்டார். குறிப்பேட்டில் நான் 'ஓவியர்' என்று எழுதினேன்.

இனி எழுதுவது செயலாளர் என்ற முறையில் அல்ல.

எனக்கு ஐம்பது வயதாகிறது. பம்பு தயாரிக்கும் நிறுவனமொன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஒரு பொருளில் எது வரைபடத்துக்கு மாறாக இருக்கிறது என்று பார்ப்பதே என் தொழில். அந்தப் பழக்கத்தில் உங்கள் ஓவியத்தையும் பார்த்தேன். கொன்றை சித்திரையில் பூப்பது. பூளைப்பூ பொங்கலுக்குக் காப்புக் கட்டத் தை பிறக்கும்போது வருவது. செவ்வந்திக்குக் குளிர்காலம் வேண்டும். இவை ஒரே நாளில் ஒரே குடத்தில் இருக்க இயலாது. மாட்டிய அன்றே கவனித்தேன், சொல்லவில்லை. தலைவரும் மற்றவர்களும் பிறந்ததிலிருந்து பூளைப்பூவையும் கொன்றையையும் பார்த்து வருகிறவர்கள். அவர்களுக்கு இது உறுத்தவில்லை, கீழே கிடக்கும் நான்குதான் உறுத்துகிறது.

பூசைக்குக்கூடத் தரையில் விழுந்த பூவை நாம் எடுப்பதில்லை. பவளமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் இந்த ஊர்ப்பக்கத்துக்காரர், இது உங்களுக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. பின் ஏன் வரைந்தீர்கள்? இடப்பக்கம் கனத்தது என்பது எனக்குப் போதுமான விடையாகத் தெரியவில்லை.

கிருபாசங்கர்

*

ஈரோடு
5 ஜூலை 2024

அன்புள்ள கிருபாசங்கர் அவர்களுக்கு,

செயலாளர் என்ற முறையில் அல்ல என்று எழுதியிருந்ததால் பெயர் சொல்லி அழைக்கிறேன்.

பூளைப்பூவையும் கொன்றையையும் பிடித்துவிட்டீர்கள். பத்து மாதத்தில் நீங்கள் ஒருவர்தான். அது பிழையல்ல. குடத்தில் பூவை வைத்து அதை மட்டுமே படமாக வரைவது நானூறு வருடத்துக்கு முன்னால் டச்சுக்காரர்கள் பெரிதாகச் செய்த வேலை. கல்லூரி நூலகத்தில் அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வசந்தத்தில் பூப்பதும் கோடையில் பூப்பதும் ஒரே ஜாடியில் இருக்கும். ஒவ்வொன்றையும் அது பூக்கும் காலத்தில் தனித்தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு சேர்ப்பார்கள். எந்தத் தேதியிலும் இருந்திராத ஒரு பூங்கொத்து. நானும் அப்படியே செய்தேன். உங்கள் மண்டபத்தில் தையிலும் கல்யாணம், சித்திரையிலும் கல்யாணம். யார் வந்தாலும் அவரவர் மாதத்துப் பூ ஒன்று அங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்தப் படங்களில் அநேகமாக ஒரு இதழாவது மேசையில் விழுந்திருக்கும். ஒரு இலையில் பூச்சி அரித்திருக்கும். இதெல்லாம் நிற்காது என்று வாங்குகிற பணக்காரனுக்கு நினைவூட்ட என்று சொல்வார்கள். அவன் அதையும் காசு கொடுத்து வாங்கிக் கூடத்தில் மாட்டிக்கொண்டான்.

ஆனால் நான் அந்தப் பாடத்துக்காக வரையவில்லை. யோசித்துப் பார்த்தால், பூவைக் குடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கமே நம்மிடம் இல்லை. தொடுக்கிறோம், சூடுகிறோம், சாத்துகிறோம், தூவுகிறோம். எங்கள் தர்காவில் சமாதியை மூடும் சாதரின்மேல் போர்த்துகிறோம். பொழுது சாய்வதற்குள் அதன் வேலை முடிந்து தரைக்கு வந்துவிடுகிறது. நம் ஊர்ப் பூ ஒரு இடத்தில் நிற்பதில்லை. குடத்தில் மட்டும் வரைந்து முடித்தபோது வங்கியின் வரவேற்பறையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பூச்சாடிபோல் இருந்தது. மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் செம்பருத்தி விழுந்தது. அதன் பிறகுதான் மேலே இருப்பவை உண்மையான பூக்கள் ஆயின.

எங்கள் வீட்டில் ஆள் உருவம் மாட்டும் வழக்கம் கிடையாது. நான் வாழ்நாள் முழுதும் பூவும் இலையும் பார்த்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். கனத்தது என்று சொன்னதும் உண்மைதான், அதையும் நம்புங்கள்.

அப்துல் மஜீத்

*

கோயம்புத்தூர்
21 ஜூலை 2024

மதிப்பிற்குரிய மஜீத் ஐயா,

உங்கள் கடிதத்தின் சாரத்தைக் குழுவில் படித்துக்காட்டினேன். பிளாஸ்டிக் பூச்சாடி என்ற இடத்தில் ஒருவர் தலையாட்டினார். மற்றபடி பயனில்லை.

அதன்மேல் நான் ஒரு யோசனை வைத்தேன். மூன்று நிகழ்வுகளைக் கொண்டு ஒரு முடிவுக்கு வருவது சோதனை முறைக்கு ஒவ்வாது. இந்த ஓவியத்தை அறிந்து, அதன் பூக்களை அறிந்து, அதன் எதிரிலேயே ஒரு குடும்பம் திருமணம் நடத்தட்டும். அது நல்லபடியாக முடிந்தால் முடிவைக் கைவிடலாம். தலைவர் உடனே, "எவனுங்க தன் புள்ளைய அங்க கொண்டாந்து நிறுத்துவான்?" என்றார்.

நான் நிறுத்துகிறேன் என்றேன்.

என் மகள் ரித்திகாவுக்கு ஆவணி 23, ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 8 அன்று முகூர்த்தம். வேறொரு மண்டபம் பேசியிருந்தோம், மாற்றிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் படத்தைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். மாப்பிள்ளையின் தந்தை, சோறு நன்றாக இருக்குமா என்று மட்டும் கேட்டார். என் மனைவி பன்னிரண்டு நாட்களாக என்னோடு பேசவில்லை. தேவையானவற்றை மகள் வழியாகச் சொல்லியனுப்புகிறாள்.

மகளிடம் முன்கூட்டிக் கேட்காமல் குழுவில் சொன்னது முறையல்ல. அன்று வீட்டுக்கு வந்து முதலில் அவளிடம்தான் சொன்னேன். அவள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள், அதிகம் பேசுகிறவள் அல்ல. "நான் பயந்துக்கலீங்ப்பா. நீங்க பயந்துக்காம இருந்தாச் சரி," என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அழைப்பிதழ் இத்துடன் உள்ளது. அவசியம் வர வேண்டும்.

கிருபாசங்கர்

*

ஈரோடு
27 ஜூலை 2024

அன்புள்ள கிருபாசங்கர் அவர்களுக்கு,

அழைப்பிதழ் கிடைத்தது. இன்ஷா அல்லாஹ் வருவேன்.

ஆனால் இது வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். பெண்ணின் கல்யாணம் சோதனைச்சாலை அல்ல. கல்யாணத்தன்று பந்தியில் யாராவது வழுக்கலாம். மூன்று மாதம் கழித்துப் பிள்ளைகள் சண்டை போடலாம், எல்லாப் பிள்ளைகளும் போடுகிறார்கள். அப்போது உங்கள் வீட்டில் எல்லோரும் என் செம்பருத்தியைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீங்களும் பார்ப்பீர்கள். ஒரு படத்துக்கு அந்தச் சுமை ஆகாது, ஒரு பெண்ணுக்கும் ஆகாது.

எனக்கு அந்தப் பூக்கள் வேண்டும்தான். இந்த விலைக்கு வேண்டாம். வேறு மண்டபத்துக்கே போய்விடுங்கள்.

அப்துல் மஜீத்

*

ஈரோடு
10 செப்டம்பர் 2024

அன்புள்ள கிருபாசங்கர் அவர்களுக்கு,

கல்யாணம் சிறப்பாக நடந்தது. என் மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் நான் மட்டும் வந்தேன். பந்தியில் யாரும் வழுக்கவில்லை. நானும் கவனித்துக்கொண்டிருந்தேன். பணியாரம் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நீங்கள் சடங்கு நடத்தும் அருமைக்காரர் பக்கத்தில் நின்று கொண்டிருந்தீர்கள், சீர் நடந்துகொண்டிருந்தது, அதனால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கட்டும்.

கடைசி வரிசையில், படத்துக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தேன். படத்தின் கீழ்ப்பாதியில் செண்டுமல்லிச் சரங்களைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அலங்காரம் அழகாகவே இருந்தது. வீட்டுப் பெண்கள் சொல்லிச் செய்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகூர்த்த நேரத்தில் மேலேயிருந்து இரண்டு இதழ்கள் என் சட்டையில் விழுந்தன. தட்டிவிட்டேன்.

அப்துல் மஜீத்

*

கோயம்புத்தூர்
15 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய மஜீத் ஐயா,

நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அலங்காரம் செய்பவர் மதன்குமார் வந்து, சரங்கள் கொஞ்சம் மீதியிருக்கின்றன என்றார். "எங்கீங் சார் போடட்டும்?" என்று கேட்டார். வாசலில் போடலாம். மேடைப்படிகளில் போடலாம். அந்த நேரத்தில் ரித்திகா தலைக்குக் குளித்த ஈரத்தோடு, துண்டு சுற்றிய தலையோடு, எங்களைக் கடந்து மணமகள் அறைக்குப் போனாள். நான் கையை நீட்டினேன். சுவரைக் காட்டினேன். எவ்வளவு உயரம் என்று அவர் கேட்டார். கீழ்ப்பாதி என்றேன்.

யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை. கீழ்ப்பாதி என்று அளவு சொல்லியிருக்கிறேன் அல்லவா. என் மனைவிக்கு இதில் பங்கில்லை. சரங்களைப் பார்த்ததும் அவள்தான் முதலில் என்னிடம் பேசினாள். "இதுக்குத்தானுங்களா இத்தன நாள் என்னையப் பட்டினி போட்டீங்க?" என்றாள். அவள் சொன்னது பேச்சைப் பற்றி.

மணவறையில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது அந்தச் சுவர்தான். ரித்திகா பார்த்திருக்கிறாள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்து, "நீங்கதானுங்களேப்பா?" என்றாள். நான் தலையசைத்தேன். அவள் காரில் ஏறிக்கொண்டாள். ஏழு நாட்களில் என்னோடு இருமுறை பேசினாள். இரண்டும் கேஸ் சிலிண்டர் பதிவு தொடர்பானவை.

இதற்கிடையில், வியாழனன்று குழு கூடியது. திருமணம் எந்தக் குறையுமின்றி நடந்ததைப் பாராட்டி, பூக்களை நீக்கும் முடிவைக் கைவிடுவதாக ஒருமனதாகச் சொன்னார்கள். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சரங்களை எவரும் பொருட்படுத்தவில்லை. அலங்காரம் என்றால் எங்கும்தான் தொங்கும். அந்த முடிவை இன்னும் நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

நான் வாய்திறக்காவிட்டால் உங்கள் பூக்கள் இருக்கும். திறந்தால் சோதனை செல்லாது, முந்தைய முடிவு உயிர் பெறும். ஓவியம் உங்களுடையது. என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

கிருபாசங்கர்

*

ஈரோடு
22 செப்டம்பர் 2024

கிருபாசங்கர் அவர்களுக்கு,

ஐந்து நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. மறைத்துவிடுங்கள் என்று சொன்னால், இனி அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் குறிப்பேடு நினைவுக்கு வரும். சொல்லிவிடுங்கள் என்றால் என் கையாலேயே என் படத்தை அழித்தவன் ஆவேன். நல்ல மனிதர் நீங்கள், ஆனால் உங்கள் பாரத்தில் ஒரு முனையை என் தோளில் வைக்கப் பார்க்கிறீர்கள். எனக்கு அறுபத்து மூன்று வயது. என் தோள் வேறு வேலைக்கு வேண்டும்.

நீங்கள் கைநீட்டியதில் எனக்கு வருத்தமில்லை. என் மகளுக்கு நிக்காஹ் நடந்த அன்று நான் என்னென்ன செய்தேன் என்று எழுதினால் நீங்கள் என்னிடம் படமே வாங்கியிருக்க மாட்டீர்கள். அதைப் பெரிதாக எண்ணாதீர்கள். பெண்ணிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். சிலிண்டரைப் பற்றியே ஆரம்பித்தாலும் சரி.

குறிப்பேட்டில் என்ன எழுதுவதென்பது செயலாளரின் பொறுப்பு. ஓவியனின் பொறுப்பு அல்ல.

அப்துல் மஜீத்

*

கோயம்புத்தூர்
20 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய ஓவியர் திரு. அப்துல் மஜீத் அவர்களுக்கு,

வணக்கம். இம்மாதம் 17ஆம் தேதி நடந்த கூட்டத்தில், செப்டம்பர் 8 அன்று ஓவியத்தின் கீழ்ப்பாதி பூச்சரங்களால் மறைக்கப்பட்டிருந்தது என்பதையும், அவ்வாறு மறைக்கச் சொன்னவர் செயலாளரே என்பதையும் நானே எழுந்து தெரிவித்தேன். மகளுக்கு முதலில் சொல்லிவிட்டே கூட்டத்துக்குப் போனேன். அவளுடைய புது வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தேன். காபி கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

பிறகு தலைவர், "நம்மளே மூடிப்போட்டு, ஊர்க்காரன் மூடாம உக்காரோணும்னு எப்படீங்க சொல்றது?" என்றார். அவர் குரலில் கோபமில்லை, நிம்மதி இருந்தது. வாக்கெடுப்பு நடந்தது. நீக்க வேண்டும் என்று ஆறு பேர், வேண்டாம் என்று மூவர். தீர்மானத்தின் வாசகம்:

"ஓவியத்தின் அடிப்பகுதியில், கல்தரையில் கிடப்பதாக வரையப்பட்டுள்ள அரளி இரண்டு, செம்பருத்தி ஒன்று, சம்பங்கி ஒன்று, ஆக உதிர்ந்த பூக்கள் நான்கையும் நீக்கிவிடுவது."

வாசகத்தை எழுதியவன் நான். நவம்பர் 15க்குள் பணி முடிய வேண்டும். நீங்கள் வர இயலாதெனில், எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு வேறொருவரை ஏற்பாடு செய்யலாம் என்று குழு கூறுகிறது. மூலையில் உள்ள உங்கள் பெயரை நீக்க வேண்டுமா என்பதையும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிருபாசங்கர்
செயலாளர்

*

ஈரோடு
26 அக்டோபர் 2024

அன்புள்ள கிருபாசங்கர் அவர்களுக்கு,

வேறு யாரும் வேண்டாம். நானே வருகிறேன். நவம்பர் 5, 6 இரண்டு நாளும் மண்டபம் காலியாக இருந்தால் போதும். உயரமான ஏணி ஒன்றும், ஜன்னல்களைத் திறந்துவைக்க ஓர் ஆளும் வேண்டும். வண்ணம் நான் கொண்டுவருவேன். கல்தரையை மறுபடி வரைவது பூவை வரைவதைவிடக் கடினம், அதனால்தான் இரண்டு நாள். வேலை நடக்கும்போது குழுவில் யாரும் பின்னால் நின்று பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெயரைப் பற்றி வேலை முடிந்த பிறகு நானே முடிவு செய்துகொள்கிறேன்.

வாசகத்தை மூன்று முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பூ, எத்தனை, எங்கே என்று தெளிவாக இருக்கிறது. வேலைக்காரனுக்கு இப்படி எழுதித் தருகிறவர் குறைவு.

தீபாவளிக்கு மகளும் மருமகனும் வருவார்கள்தானே. தலைத்தீபாவளி வாழ்த்துகள்.

அப்துல் மஜீத்

*

கோயம்புத்தூர்
11 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய மஜீத் ஐயா,

நீங்கள் வந்திருந்த இரு நாட்களும் நான் பணி நிமித்தம் ராஜ்கோட்டில் இருந்தேன். அந்தப் பயணத்தின் தேதியை மாற்றியிருக்க முடியும், மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை தலைவரும் இரு உறுப்பினர்களும் ஓவியத்தைப் பார்வையிட்டனர். தலைவர் மணவறையில் ஏறி நின்று பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குதுங்க. பாய் நல்லா செஞ்சு குடுத்துட்டாரு," என்று தொலைபேசியில் சொன்னார். மற்ற இருவரும் திருப்தி தெரிவித்துள்ளனர்.

நேற்று ஞாயிறு காலை நான் தனியே சென்றேன். திருமணம் இல்லாத நாள். ஜன்னல்களைத் திறந்துகொண்டு கீழிருந்து பார்த்தபோது, கல்தரை வெறுமையாக இருந்தது. பூக்கள் இல்லை. பிறகு, அவை கிடந்த இடங்களில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. அழித்ததன் கறை என்று முதலில் நினைத்தேன். ஏணியை எடுத்துவந்து ஏறிப் பார்த்தேன். கறை அல்ல. நான்கு நிழல்கள். குடத்தின் நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதே பக்கம் சாய்ந்து, ஒவ்வொன்றும் அதனதன் அளவில். பழைய நிழல்களை நீங்கள் விட்டுவைத்ததாகவும் சொல்ல முடியாது. வண்ணம் புதியது, ஓரங்கள் நிதானமாகத் தீட்டப்பட்டவை. மூன்றாவது நிழலில் செம்பருத்தியின் ஐந்து இதழ்களும், நீண்டு நிற்கும் நடுத்தண்டும்கூடத் தெரிகின்றன. மேலே பூ இல்லை.

ஏணியிலேயே சிறிது நேரம் நின்றேன். இருபத்தாறு ஆண்டுகளாக, வரைபடத்துக்கு மாறானதைக் கண்டால் சிவப்பு அட்டை ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அலுவலகத்துக்கு வந்து தீர்மானத்தை எடுத்து மீண்டும் படித்தேன். அரளி இரண்டு. செம்பருத்தி ஒன்று. சம்பங்கி ஒன்று. ஆக உதிர்ந்த பூக்கள் நான்கு. அவை நீக்கப்பட்டுள்ளன. நிழல்களைப் பற்றித் தீர்மானத்தில் எதுவும் இல்லை. சொல்லாத ஒன்றைச் சேர்த்துப் படிக்கச் செயலாளருக்கு அதிகாரம் கிடையாது.

மூலையில் உங்கள் பெயர் இருந்த இடத்திலேயே இருப்பதையும் கண்டேன்.

பணி, தீர்மானத்தின்படி முழுமையாக நிறைவேற்றப்பட்டது என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டேன்.

கிருபாசங்கர்